இரைப்பை அமிலமும் தளர்ந்த கல்லீரலும்

கல்லீரல் தழும்பேறும் சிரோசிஸ் நோய் முற்றிய ஒருவரின் மருந்துப் பெட்டியில் நீர் பிரியும் மாத்திரை, லாக்டுலோஸ் சிரப், புரொப்ரனோலால் ஆகியவற்றுடன் பெரும்பாலும் இன்னோர் அட்டையும் இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் போடும்படி சொல்லப்பட்ட, நம் வீடுகளில் ‘கேஸ் மாத்திரை’ என்று அழைக்கப்படும் பான்டோபிரசோல் அல்லது ஒமிப்ரசோல் அது. மற்ற மருந்துகள் எதற்காகத் தரப்பட்டன என்று கேட்டால் நோயாளியின் மனைவியோ மகனோ சொல்லிவிடுவார்கள். இந்த ஒன்றைப் பற்றிக் கேட்டால் மட்டும், ‘மத்த மாத்திரை வயித்தைப் புண்ணாக்காம இருக்கக் குடுத்தாங்க’ என்பதற்கு மேல் விடை கிடைப்பதில்லை. உயிர்வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையிலும், என் பெரியப்பாவின் கல்லீரல் நோயை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையிலும், இந்த மாத்திரை அடக்குகிற ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் செயலிழந்துவரும் கல்லீரலுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வுகள் சொல்வதை இங்கே எழுத விரும்புகிறேன். அந்த அமிலத்தை வயிற்றெரிச்சலுக்குக் காரணமான வேண்டாத பொருளாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். கல்லீரல் தளர்ந்த உடலில் அது செய்கிற காவல் வேலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்பதை லண்டன் மருத்துவரான வில்லியம் பிரவுட் 1823-ஆம் ஆண்டு டிசம்பரில் ராயல் சொசைட்டியின் முன் எடுத்துரைத்தார். உயிருள்ள உடல் இவ்வளவு வலிய கனிம அமிலத்தைத் தானே சுரக்கும் என்பதை ஏற்க அக்காலத்தில் பலர் தயங்கினர். இரைப்பைச் சுவரில் உள்ள பாரைட்டல் செல்கள், புரோட்டான் பம்ப் என்ற நொதியின் உதவியால் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளிப் பொட்டாசியம் அயனிகளை உள்ளே வாங்குகின்றன. செல்லுக்குள் இருப்பதைப்போல் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு செறிவுக்கு அவை வெளியே ஹைட்ரஜன் அயனிகளைச் சேர்க்கின்றன. உடலில் வேறெங்கும் இத்தகைய ஏற்றத்தாழ்வு கிடையாது. இதற்காக அந்தச் செல்கள் செலவிடும் ஆற்றல் மிகப் பெரிது. புரதச் செரிமானத்தைத் தொடங்கிவைப்பதற்காக மட்டும் உடல் இவ்வளவு செலவு செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. அமிலம் முற்றிலும் அற்றுப்போனவர்களும் கணையத்தின் நொதிகளைக் கொண்டு புரதத்தைச் செரித்துவிடுகிறார்கள். அவர்களிடம் குறைவது கிருமிகளுக்கு எதிரான தடுப்பு.

இதை நேரடியாகக் காட்டிய ஆய்வு 1972-ஆம் ஆண்டில் ஜியனெல்லாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்டது. இயல்பான அமிலம் உள்ள இரைப்பைக்குள் செலுத்தப்பட்ட பாக்டீரியாக்கள் விரைவில் அழிந்துபோக, அமிலமே சுரக்காத இரைப்பையில் ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் அவற்றின் எண்ணிக்கை குறையவில்லை. ஒவ்வொரு நாளும் நாம் விழுங்கும் எச்சிலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை குடலைச் சென்று சேராததற்கு இந்த அமிலம் ஒரு முதன்மையான காரணம்.

குடலில் நடப்பது கல்லீரலை ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்றால், கல்லீரலுக்குச் செல்லும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகக் குடலிலிருந்தே வருகிறது. உணவின் சத்துகளோடு, குடல் சுவரைத் தாண்டிவிட்ட பாக்டீரியாக்களும் அவற்றின் உடைந்த துண்டுகளும் அம்மோனியாவும் அதே வழியில் வருகின்றன. நலமான கல்லீரல் இவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. குப்ஃபர் செல்கள் கிருமிகளை விழுங்கிவிடுகின்றன. கல்லீரல் செல்கள் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிவிடுகின்றன. சிரோசிஸில் கல்லீரல் முழுவதும் தழும்பு ஏறி, போர்ட்டல் சிரையில் அழுத்தம் உயர்ந்து, இரத்தத்தின் ஒரு பகுதி கல்லீரலைத் தொடாமலே பக்க வழிகளில் பொது ஓட்டத்தில் கலந்துவிடுகிறது. குடல் சுவரும் முன்னைப்போல் இறுக்கமாக இருப்பதில்லை. வயிற்றில் கோத்து நிற்கும் நீரில் வெளிப்படையான ஓட்டையோ புண்ணோ இல்லாமலே பாக்டீரியத் தொற்று தோன்றுவது இதனால்தான். காய்ச்சல்கூட இல்லாமல் தொடங்கி, சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்து, சில நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடிய தொற்று அது.

2014-இல் சீன ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தக் கதையில் முக்கியமான திருப்பம். சிரோசிஸ் உள்ள 98 பேரின் மலத்திலிருந்த நுண்ணுயிர்களின் மரபுப் பொருளை, நலமாக உள்ள 83 பேருடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயாளிகளிடம் பெருகியிருந்தவற்றுள் இனம் காணப்பட்ட பாக்டீரியா இனங்களில் 54 சதவீதம் வாயைச் சேர்ந்தவை. அதாவது, பல்லிடுக்கிலும் நாக்கிலும் வாழ வேண்டியவை குடலில் குடியேறியிருந்தன. அவை அங்கே போக ஒரே வழி இரைப்பைதான். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜஸ்மோகன் பஜாஜ் என்ற கல்லீரல் மருத்துவரின் குழு, 15 சிரோசிஸ் நோயாளிகளுக்கும் 15 நலமானவர்களுக்கும் பதினான்கு நாட்கள் ஒமிப்ரசோல் கொடுத்துப் பார்த்தது. இயல்பாக வாயில் மிகுந்து காணப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பப் பாக்டீரியாக்கள் மலத்தில் கூடின. இரண்டு வார மாத்திரை போதும், இரைப்பையின் காவல் தளர்ந்ததற்கான தடயம் மலத்தில் தெரிந்துவிடுகிறது.

ஆனால் கிருமிகளின் வகை மாறியது என்பதாலேயே கல்லீரல் கெட்டது என்று முடிவுகட்ட முடியாது. காரண காரியத் தொடர்பைக் காட்ட வேண்டுமென்றால் சோதனை விலங்குகள் தேவை. அந்த வேலையைச் செய்தவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பெர்ன்ட் ஷ்னாபலின் குழுவினர். கட்டுரை 2017-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. அவர்கள் பிறவியிலேயே இரைப்பை அமிலம் சுரக்க இயலாத எலிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கும் இயல்பான எலிகளுக்கும் மது கலந்த உணவைக் கொடுத்தார்கள். அமிலம் இல்லாத எலிகளின் கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும் சிதைவும் தெளிவாக மிகுந்திருந்தன. குடலில் என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகி, குடல் சுவரைக் கடந்து கல்லீரலை அடைந்து, அங்கே குப்ஃபர் செல்களைத் தூண்டி அழற்சியை உண்டாக்கும் புரதத்தைச் சுரக்க வைத்தது. இயல்பான எலிகளுக்கு அமிலத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்தபோதும் இதுவே நடந்தது. இதைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது அடுத்த படி: அமிலத்தைத் தொடாமல், என்டரோகாக்கஸ் பாக்டீரியாவை மட்டும் எலிகளின் குடலில் பெருக்கிப் பார்த்தார்கள், அப்போதும் மதுவால் ஏற்படும் பாதிப்பு மோசமானது. அமிலக் குறைவு, பாக்டீரியப் பெருக்கம், கல்லீரல் சேதம் என்ற சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இவ்வாறு தனித்தனியே சோதிக்கப்பட்டது. மதுவுக்கு நீண்ட நாள் ஆட்பட்ட 4,830 நோயாளிகளின் பதிவேடுகளை அலசியபோது, அமிலம் அடக்கும் மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மதுவால் வரும் கல்லீரல் நோய் கூடுதலாக இருந்ததையும் அதே கட்டுரை பதிவு செய்தது.

இதன் தொடர்ச்சி 2019-இல் வந்தது. மதுவால் கடுமையான கல்லீரல் அழற்சி கண்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் சிலரின் குடலில் இருந்த என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ், சைட்டோலைசின் என்ற நச்சைச் சுரக்கும் வகையைச் சேர்ந்தது. அந்த வகை இருந்தவர்களில் 89 சதவீதத்தினர் 180 நாட்களுக்குள் இறந்தார்கள். அது இல்லாதவர்களில் இறந்தோர் 3.8 சதவீதம். சிறிய எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் கண்டதுதான் என்றாலும், இவ்வளவு பெரிய வேறுபாட்டை மருத்துவ ஆய்வுகளில் காண்பது அரிது. அந்தப் பாக்டீரியாவை மட்டும் குறிவைத்து அழிக்கும் வைரஸ்களை எலிகளுக்குக் கொடுத்தபோது கல்லீரல் பாதிப்பு குறைந்தது.

இனி மனிதர்களிடம் கண்ட சான்றுகளுக்கு வருவோம். இங்கே வழி அவ்வளவு நேராக இல்லை. 2009-இல் பஜாஜின் குழு, வயிற்று நீரில் தொற்று ஏற்பட்ட 70 சிரோசிஸ் நோயாளிகளை, தொற்று ஏற்படாத அதே தன்மையுள்ள 70 பேரோடு ஒப்பிட்டது. முதல் கூட்டத்தில் 69 சதவீதத்தினரும் இரண்டாவதில் 31 சதவீதத்தினரும் மருத்துவமனைக்கு வருமுன் அமிலம் அடக்கும் மாத்திரையை எடுத்திருந்தனர். மாத்திரை எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதற்கான காரணம் பதிவேட்டில் எங்கும் இல்லை. ஆனால் 2015-இல் அர்ஜென்டினாவின் 23 மருத்துவமனைகள் சேர்ந்து 519 நோயாளிகளை ஆராய்ந்தபோது, மாத்திரைக்கும் இந்தத் தொற்றுக்கும் தொடர்பே காணப்படவில்லை. 2016-இல் டென்மார்க் ஆய்வாளர்கள், சதாவாப்டன் என்ற மருந்துக்காக நடத்தப்பட்ட பழைய சோதனைகளின் தரவுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் நீர் கோத்த 865 பேரின் ஓராண்டுப் பதிவுகள் அவை. மாத்திரை எடுத்த காலத்தில், கல்லீரல் தடுத்து நிறுத்தத் தவறிய நச்சுகளால் மூளைக் குழப்பம் வரும் ஆபத்து 1.36 மடங்காகவும் வயிற்று நீர்த் தொற்றின் ஆபத்து 1.72 மடங்காகவும் இருந்தது. 2017-இல் தைவானின் தேசிய காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், எடுத்துக்கொண்ட மாத்திரையின் மொத்த அளவு கூடக்கூட மூளைக் குழப்பத்தின் ஆபத்தும் கூடியது.

இவை அனைத்தும் கவனித்துப் பதிவு செய்த ஆய்வுகளே என்பதை மறக்கக் கூடாது. நோய் முற்றியவருக்குத்தான் வயிற்றுத் தொல்லை அதிகம், அவருக்குத்தான் மாத்திரையும் அதிகம் எழுதப்படும். எனவே தொற்று மாத்திரையால் வந்ததா, நோயின் தீவிரத்தால் வந்ததா என்ற கேள்வியைப் புள்ளியியல் முற்றாகத் தீர்த்துவிடாது. நீண்ட நாள் மாத்திரை எடுத்துவரும் சிரோசிஸ் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு மாத்திரையையும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வை ஜெர்மனியில் தொடங்கியிருப்பது இதற்காகத்தான். என் கருத்து இது: எலிகளில் வழிமுறை தெளிவாகத் தெரிகிறது, மனிதர்களில் பெரும்பாலான ஆய்வுகள் அதே திசையைக் காட்டுகின்றன, காரணமின்றி எடுக்கப்படும் மாத்திரையால் நோயாளிக்குக் கிடைக்கும் பயனோ ஒன்றுமில்லை. பயன் இல்லாத இடத்தில் சிறு ஆபத்தையும் ஏற்க வேண்டியதில்லை.

என் பெரியப்பாவுக்கு உணவுக்குழாயில் வீங்கியிருந்த சிரைகளுக்கு எண்டோஸ்கோபி வழியாக ரப்பர் வளையம் போட்டார்கள். அந்த நேரத்தில் பான்டோபிரசோல் தரப்பட்டது முற்றிலும் சரியான செயல். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை நாள் என்று குறிக்கப்படாததால், ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைப் பார்த்துப் புதிய சீட்டு எழுதப்பட்டு, அந்த மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. பிறகு அவருக்கு வந்த மூளைக் குழப்பத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு வேறு பல காரணங்களும் இருந்தன. பெரியம்மாவின் பெயரை மறந்து, பகலை இரவென்று எண்ணி, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று விழ, அவர் இருந்த அந்த நிலைதான் என்னை இந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்க வைத்தது.

அந்தக் குழப்பத்தின் மையத்தில் இருப்பது அம்மோனியா. இங்கேயும் ஹைட்ரஜன் அயனிதான் முடிவைத் தீர்மானிக்கிறது. 1893-இல் ரஷ்யாவில் பாவ்லோவும் நென்ஸ்கியும் அவர்களுடைய சகாக்களும், போர்ட்டல் சிரையின் இரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும்படி அறுவை செய்யப்பட்ட நாய்கள் இறைச்சி தின்றபின் நிலைதடுமாறி மயங்குவதை விவரித்தார்கள். அம்மோனியா இரத்தத்தில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஹைட்ரஜன் அயனியை ஏற்றுக்கொண்டால் அது மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அயனி. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது எளிதில் கடக்காது. ஏற்றுக்கொள்ளாவிட்டால் மின்னூட்டமற்ற அம்மோனியா வாயு. தடையின்றி மூளைக்குள் நுழையும். காரத்தன்மை கூடக்கூட உயரும் அளவீடான பி.எச்., இரத்தத்தில் இயல்பாக 7.4. அந்த நிலையில் ஏறத்தாழ 98 சதவீதம் அம்மோனியமாகவே இருக்கிறது. பி.எச். 0.3 அளவு உயர்ந்தால், மூளைக்குள் நுழையக்கூடிய அந்தச் சிறு பங்கு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். பிரிட்டிஷ் கல்லீரல் மருத்துவர் ஷீலா ஷெர்லாக் உள்ளிட்டோர் 1960-இல் வெளியிட்ட ஆய்வு, இரத்தத்தின் பி.எச். மாற்றம் மூளைத் தண்டுவட நீருக்குள் அம்மோனியா செல்வதை எவ்வாறு பாதிக்கிறது என்பதைக் கல்லீரல் மயக்கத்தில் இருந்த நோயாளிகளிடமே ஆராய்ந்தது.

இப்போது கல்லீரல் நோயாளியின் அன்றாட நிலையை எண்ணிப் பாருங்கள். தொடர்ந்த வாந்தியில் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளியேறுகிறது. நீர் பிரியும் மாத்திரையால் பொட்டாசியம் குறைகிறது. இரண்டும் இரத்தத்தைக் காரத்தன்மை நோக்கித் தள்ளுகின்றன. பொட்டாசியக் குறைவு சிறுநீரகத்தையும் கூடுதலாக அம்மோனியா உண்டாக்கத் தூண்டுகிறது. இரண்டு நாள் வாந்தி எடுத்த சிரோசிஸ் நோயாளி திடீரென்று உளறத் தொடங்குவதன் பின்னால் இந்த வேதியியல் இருக்கக்கூடும். பெரும்பாலும் உப்பு நீரும் பொட்டாசியமும் ஏற்றினாலே நிலைமை சீராகிவிடும். சீராகாத கடுமையான நிலையில்தான் சிக்கல். காரத்தன்மையைக் குறைக்க முன்பு அம்மோனியம் குளோரைடு கொடுத்தார்கள். அதை யூரியாவாகவும் அமிலமாகவும் மாற்ற வேண்டிய கல்லீரலே செயலிழந்திருந்தால் அது நஞ்சாகிவிடும். அசிட்டசோலமைடு என்ற மருந்தும் அம்மோனியாவை உயர்த்தும் என்பதால் சிரோசிஸில் விலக்கப்பட்டது. ஆகவே சில மருத்துவர்கள் நேரடியான வழியைத் தேர்ந்தார்கள்: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே இரத்தத்தில் ஏற்றுவது. 1974-இல் அபூனாவும் சகாக்களும் இம்முறையை விவரித்து எழுதினார்கள். ஒரு லிட்டரில் 100 மில்லிமோல் அமிலம் மட்டுமே உள்ள கரைசல், இதயத்துக்கு அருகே உள்ள பெரிய சிரையின் வழியாக மெதுவாக, மணிக்கணக்கில், இரத்தத்தை மீண்டும் மீண்டும் சோதித்தபடி செலுத்தப்படும். கைச் சிரையில் செலுத்தினால் சிரையே வெந்துபோகும். வெளியே கசிந்தால் சதை அழுகும். அதனால் இன்று இது தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அரிதாகவே கையாளப்படுகிறது. டயாலிசிஸ் போன்ற வழிகள் வந்துவிட்டன. ஆனாலும் செயலிழந்த கல்லீரலுக்கு அமிலமே மருந்தாக முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

நாம் நன்கு அறிந்த லாக்டுலோஸ் சிரப்பும் இதே தத்துவத்தில்தான் செயல்படுகிறது. 1966-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹானஸ் பிர்ஹரும் சகாக்களும் இதைக் கல்லீரல் நோயின் மூளைக் குழப்பத்துக்குப் பயன்படுத்தியதைப் பதிவு செய்தார்கள். செரிக்காத இந்தச் சர்க்கரையைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலம் அம்மோனியாவை அம்மோனியமாக்கிக் குடலிலேயே நிறுத்திவைக்க, பேதியோடு அது வெளியேறிவிடுகிறது. ஒரே நோயாளி காலையில் இரைப்பை அமிலத்தை அடக்க ஒரு மாத்திரையும், இரவில் பெருங்குடலில் அமிலத்தைக் கூட்ட ஒரு சிரப்பும் எடுத்துக்கொள்கிறார் என்பதை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு எவரும் இரைப்பை அமிலத்தைக் கூட்டுவதற்கென்று கடைகளில் விற்கும் பீட்டெய்ன் ஹைட்ரோகுளோரைடு மாத்திரைகளை வாங்கி விழுங்க வேண்டாம். புண்ணோ வீங்கிய சிரைகளோ உள்ள உணவுக்குழாய்க்கு அது பேராபத்து. அதுபோலவே, கேஸ் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் வேண்டாம். வயிற்றுப் புண்ணோ கடுமையான அமில எதுக்களிப்போ உள்ளவர்களுக்கு அது தேவை. வளையம் போட்டபின் உண்டாகும் புண் விரைந்து ஆறவும் அது உதவுகிறது. 2005-இல் வந்த ஓர் ஆய்வில், பத்து நாட்கள் பான்டோபிரசோல் எடுத்தவர்களின் புண், எடுக்காதவர்களுடையதில் பாதி அளவுகூட இல்லை. ஆனால் அந்தப் பயன் அந்தச் சில நாட்களுக்கே உரியது. போர்ட்டல் அழுத்தத்தால் இரைப்பைச் சுவர் தடித்துச் சிவந்திருப்பது அமிலத்தால் வந்த நோயன்று. அமிலத்தை அடக்கி அதைச் சரிசெய்ய முடியாது. கல்லீரல் நோய் வல்லுநர்களின் பவேனோ ஏழாவது கூட்டத்தின் பரிந்துரை இதில் தெளிவாக இருக்கிறது: எண்டோஸ்கோபிக்கு முன் இந்த மருந்தைத் தொடங்கியிருந்தால், உறுதியான காரணம் இல்லாத பட்சத்தில் அது முடிந்த உடனே நிறுத்திவிட வேண்டும்.

தேவைப்படுபவருக்கும் அளவு முக்கியம். இம்மாத்திரைகளை உடைத்து வெளியேற்றுவதே கல்லீரல்தான். நலமானவரின் இரத்தத்தில் ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறையும் பான்டோபிரசோல், சிரோசிஸ் உள்ளவரிடம் அவ்வாறு குறைய ஏழு முதல் ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கல்லீரல் பாதிப்பு மிகக் கடுமையாக உள்ளவர்களுக்கு, இதே வகை மருந்தான எசோமெப்ரசோல் நாளொன்றுக்கு 20 மி.கி. அளவைத் தாண்டக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே உள்ளது.

வீட்டில் கல்லீரல் நோயாளி இருப்பவர்கள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, இந்த மாத்திரை எந்த நோய்க்காக, எந்தத் தேதி வரை என்ற இரண்டையும் கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தலாம் என்று அவர் சொன்னால், முதல் சில வாரங்களில் நெஞ்செரிச்சல் கூடக்கூடும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கில் எந்த வயிற்று நோயும் இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் 44 சதவீதத்தினருக்கு அமிலத் தொல்லை வந்தது. அடக்கிவைத்த சுரப்பு சில காலம் மிகையாகப் பொங்குவதால் வரும் தொல்லை அது. மாத்திரை இன்னும் தேவைப்படுகிறது என்பதற்கான அடையாளமாக அதைக் கொள்ள வேண்டியதில்லை. தொல்லை அதிகமாக இருந்தால், அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் வழியை மருத்துவரே சொல்வார்.